கீ இல்லாத மரப் புல்லாங்குழல்: இடைச் சுரங்களில் எங்கே சறுக்குகிறது?

அயர்லாந்து நாட்டுப்புற இசையில் அதிகம் புழங்கும் ஆறு துளை மரப் புல்லாங்குழல் பெரும்பாலும் டி சுருதியில் இருக்கும். கீழிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப் கிடைத்துவிடும் (ஷார்ப் என்றால் அரைச் சுரம் ஏறியது, ஃபிளாட் இறங்கியது, நேச்சுரல் இரண்டும் இல்லாதது). மீதி ஐந்து சுரங்களுக்கு, அதாவது ஈ ஃபிளாட், எஃப் நேச்சுரல், ஜி ஷார்ப், பி ஃபிளாட், சி நேச்சுரலுக்குத் தனித் துளை கிடையாது. கீ, அதாவது விரலால் அழுத்தினால் தனித் துளையைத் திறக்கும் சிறு நெம்புகோல், வைத்த குழலில் ஒரு அழுத்து போதும். கீ இல்லாவிட்டால் விரலும் உதடும்தான் கதி. இந்த ஐந்தையும் ஒரே உத்தியால் மடக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

சி நேச்சுரல் இருப்பதிலேயே சாது. ஊதுதுளைப் பக்கமிருந்து எண்ணினால், முதல் துளையைத் திறந்துவிட்டு இரண்டையும் மூன்றையும் மூடினால் வந்துவிடும். கொஞ்சம் ஏறி நின்றால் கீழ்க்கை விரல் ஒன்றிரண்டைச் சேர்த்து இறக்கலாம். பி ஃபிளாட்டுக்கு இரண்டாம் துளையை மட்டும் திறந்து மற்றதை மூடிப் பாருங்கள். பல குழல்களில் சரியாக அமையும். இப்படித் திறந்த துளைக்குக் கீழே உள்ளவற்றை மூடிச் சுருதியை இறக்குவதுதான் குறுக்கு விரல் முறை.

சரி, இதையே எஃப் நேச்சுரலுக்கும் செய்தால் என்ன? பழைய பரோக் குழலுக்கான (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குழல்) விரல் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்: ஐந்தாம் துளையைத் திறந்து ஆறாவதை மூடுவது. பரோக் குழலின் துளைகள் சிறியவை. அதனால் கீழ்த் துளையை மூடினால் சுருதி நன்றாகவே இறங்கும். அயர்லாந்து பாணிக் குழல்களில் துளை பெரிது. மேலிருந்து முதலில் திறந்திருக்கும் துளைக்குக் கீழே என்ன செய்தாலும் பாதிப்பு குறைவு. அட்டவணை சொன்னதைச் செய்தும் எஃப் ஷார்ப்பின் சோகமான தம்பி ஒன்றுதான் வெளியே வரும். இங்கே அரைத் துளைதான் வழி, அதாவது ஐந்தாம் துளையைப் பகுதி மட்டும் திறப்பது. ஜி ஷார்ப்புக்கும் அப்படித்தான், மூன்றாம் துளையில்.

அரைத் துளை என்றதும் விரலை லேசாகத் தூக்குவது அடுத்த தவறு. தூக்கிய விரலுக்குப் பிடிமானம் இல்லை, ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும். விரல் மரத்தைத் தொட்டபடியே உருள வேண்டும், அல்லது உள்ளங்கைப் பக்கம் சற்று இழுபட வேண்டும். மூங்கில் குழல்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. இன்னொன்று, ‘அரை’ என்ற பெயரை நம்பிச் சரிபாதி திறந்துவிடாதீர்கள். துளை கொஞ்சம் திறந்ததுமே சுருதி மளமளவென ஏறும், பிறகு மெதுவாகும். எனவே பாதிக்கு மேல் மூடியே இருக்க வேண்டும்.

எஃப்பை ஈயிலிருந்து பிடிப்பது ஒன்று, ஜியிலிருந்து பிடிப்பது வேறு. ஈயிலிருந்து வரும்போது ஐந்தாம் துளைக்கான விரல் ஏற்கெனவே அதன்மேல் இருக்கிறது, உருட்டினால் போதும். ஜியிலிருந்து என்றால் நான்காம் துளைக்கான விரல் முழுதாகவும் ஐந்தாம் துளைக்கான விரல் பாதியாகவும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். உண்மையான கஷ்டம் இதுதான். ஏறுவரிசையாக மட்டும் பயிற்சி செய்கிறவர்கள் இதைச் சந்திப்பதே இல்லை, பாட்டில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஜி, எஃப், ஜி என்று இரண்டே சுரத்தை மெதுவாக மாற்றி மாற்றி வாசியுங்கள்.

ஈ ஃபிளாட் தனி ரகம். ஆறாம் துளைக்குக் கீழே மூடுவதற்கு வேறு துளையே இல்லை, ஆகவே குறுக்கு விரலுக்கு இடமில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குழலுக்கு முதன்முதலாக ஒரு கீ வைத்தபோது, அது இந்தச் சுரத்துக்காக வைக்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே. மோதிர விரலால் ஆறாம் துளையைப் பாதி மூடுவதுதான் மிச்சம். அந்த விரலுக்கு அவ்வளவு நளினம் கிடையாது. மெதுவான பாட்டில் சமாளிக்கலாம். வேகமான பாட்டில் கடந்துபோகும் சுரமாக வந்தால், விட்டுவிட்டு அடுத்த சுரத்துக்குப் போவதே என் கட்சி.

அப்புறம் மூச்சு. இந்தச் சுரங்கள் இயல்பாகவே சற்று மங்கலாகத்தான் ஒலிக்கும். மற்றவற்றுக்குச் சமமாக்க வேண்டும் என்று அழுத்தி ஊதினால் சுருதி ஏறும், இல்லையென்றால் மேல் ஸ்தாயிக்குத் தாவும். காற்றைக் குறைத்து, உதட்டுத் துவாரத்தை ஒடுக்குங்கள். குழலை உதட்டுப் பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் நாதமும் கூடவே ஒடுங்கும். மேல் ஸ்தாயியில் குறுக்கு விரலின் பாதிப்பு கூடும் என்பதால், கீழே சரியாக இருந்த பிடி அங்கே அதிகமாக இறங்கிவிடலாம்.

ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) முள்ளையே பார்த்துக்கொண்டு ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பழகுவதில் பயன் குறைவு. டி சுருதியை ஓடவிட்டு அதன் மேல் எஃப் நேச்சுரலை வாசித்தால் காதே சொல்லிவிடும்.

ஈ ஃபிளாட்டும் பி ஃபிளாட்டும் வரிக்கு வரி வருகிற பாட்டை டி குழலில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பி ஃபிளாட் சுருதிக் குழல்களும் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டும் நேர் விரல்களிலேயே வந்துவிடும்.