மசில் கார் ஆப்ஷன்களை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960களின் அமெரிக்க மசில் கார்களை (சக்திமிக்க பெரிய எஞ்சின் கொண்ட வேகக் கார்களை) மதிப்பிடுவோர் செய்யும் முதல் தவறு, ஓர் ஆப்ஷன் (வாங்கும்போது கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும் அம்சம்) சில நூறு கார்களில் மட்டுமே வந்திருந்தால் அதை விரும்பியவர்கள் குறைவு என்று முடிவு கட்டுவதாகும். அந்த எண்ணிக்கையைப் பல வேளைகளில் தீர்மானித்தவை பந்தய விதிகளும் நிறுவனத்தின் உள்கட்டுப்பாடுகளுமே.

செவ்ரலே நிறுவனத்தின் கமரோ காருக்கான இசட்/28 ஆப்ஷன் இதற்கு நல்ல சான்று. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதால், 327 கன அங்குல எஞ்சினின் பிளாக்கில் 283 கன அங்குல எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்தி 302 கன அங்குல எஞ்சினை உருவாக்கினார்கள். 1967இல் விற்பனைக் கையேட்டில்கூட இடம்பெறாத இந்த ஆப்ஷனுடன் 602 கார்களே வெளிவந்தன; 1969இல் அதே ஆப்ஷன் 20,302 கார்களில் இருந்தது. தானியங்கி கியரோ ஏர் கண்டிஷனரோ அதற்குக் கிடைக்கவில்லை என்பதால், அவை இல்லாததை முதல் உரிமையாளரின் சிக்கனமாகக் கருதுவதும் தவறு.

ஃபோர்டின் மஸ்டாங் பாஸ் 429 காரை, மஸ்டாங்கையே பந்தயத்தில் ஓட்டுவதற்காக உருவாக்கினார்கள் என்று எண்ணுவது அடுத்த பிழை. நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஃபோர்டு ஓட்டியது டொரினோ வகைக் கார்களை. அவற்றின் எஞ்சினுக்குப் பந்தய அனுமதி பெற, பொதுமக்களுக்கு விற்றாக வேண்டிய எண்ணிக்கையை நிறைவு செய்யவே அதே எஞ்சின் மஸ்டாங்கில் விற்கப்பட்டது. எஞ்சின் அகலமானதால் சஸ்பென்ஷன் டவர்களை மாற்றியமைத்து, பேட்டரியைப் பின்பக்க டிக்கிக்கு நகர்த்த வேண்டியிருந்தது.

கையேட்டில் இல்லாதது தொழிற்சாலையிலிருந்து வந்திருக்காது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. நடுத்தர அளவு மற்றும் அதற்குக் குறைந்த கார்களுக்கு, கார்வெட் நீங்கலாக, 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற, செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தடை 1969 வரை நீடித்தது. ஆயினும் டாக்ஸி போன்ற மொத்தக் கொள்முதலுக்கு உரிய கோப்போ என்ற சிறப்பு ஆணை வழியாக 427 எஞ்சினுடன் கமரோக்கள் வெளிவந்தன. அவற்றுள் அலுமினிய இசட்எல்1 எஞ்சின் கொண்டவை 69 மட்டுமே. எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் ஆனதால் பல கார்கள் டீலர்களிடமே தேங்கின. இங்கே மட்டும் விலைதான் வாங்குவோரை விரட்டியது.

1969 கமரோவின் அடையாள எண் அது இசட்/28 என்பதைச் சொல்லாது. கமரோ தயாரான இரு ஆலைகளில், நார்வுட் ஆலையின் பிற்பகுதிக் கார்களின் உடல் தகட்டில் ஆப்ஷன் தொகுப்பைக் காட்டும் எக்ஸ் குறியீடு உண்டு; வேன் நைஸ் ஆலையின் கார்களில் அது இல்லை. ஆகவே அக்குறியீடு இல்லாததை வைத்து ஒரு காரைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. எஞ்சின் பிளாக்கில் 302 எஞ்சினைக் குறிக்கும் 'டிஇசட்' முத்திரையைப் புதிதாகவும் அடித்துவிட முடியும் என்பதால், உத்தரவாதப் புத்தகத்துடன் வந்த சிறு உலோகத் தகட்டையும் கேட்டு வாங்கி ஒப்பிட்ட பிறகே விலை பேசுங்கள்.