பழைய வீட்டுக்குப் புது வேலை: பட்டாளக் கொட்டடியில் பழகிய முறை

சிங்கப்பூரில் டெம்ப்சி ரோடு என்று ஒரு மேடு இருக்கிறது. எட்டு மாதம் அங்கே கூரைக்கும் பூச்சுக்கும் மேற்பார்வை பார்த்தேன். முதல் நாள் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். நீளமான கூடம், உயரமான கூரை, சுற்றிலும் அகலமான தாழ்வாரம். எங்கள் செட்டிநாட்டுக் கண்டனூர்ப் பக்கத்து வீடுகளில், முற்றத்தைச் சுற்றி ஓடும் சுத்துப்பத்தித் தாழ்வாரத்தில் நிற்கும்போது முகத்தில் படும் அதே காற்று. இது பழைய பேரக்ஸ், பட்டாளக் கொட்டடி என்று கூட இருந்தவர் சொன்னார்.

ஊர் திரும்பிய பிறகு அந்த எட்டு மாதத்தில் பழகியதை வைத்துத்தான் இங்கே பழைய வீடுகளைப் பார்த்துச் சொல்கிறேன். “ஓட்டல் ஆக்கலாமா, கல்யாண மண்டபம் ஆக்கலாமா, இல்லை இடிச்சு மரத்தை வித்துரலாமா?” இந்தக் கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது என்பதை எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

அதற்கு முன் அந்தக் கொட்டடியின் கதை. ஒரு கட்டடம் எத்தனை வேலை பார்க்க முடியும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த மேடு முன்பு சாதிக்காய்த் தோட்டம். 1850களில் மரங்களில் நோய் விழுந்து தோட்டக்காரர்கள் நொடித்துப்போனார்கள். 1860களில் ஆங்கில அரசு அங்கே பட்டாளத்துக்கு வீடு கட்டியது. பெயர் டாங்லின் பேரக்ஸ். திட்டம் போட்டவர் கேப்டன் காலியர். கடற்கரையோரம் இருக்கும் காலியர் கீ என்ற சாலைக்கு அவர் பெயர்தான். முதலில் அத்தாப்பு ஓலைக் கூரை, ஓடு பின்னால் வந்தது. 1914இல் சென்னை மேல் குண்டு போட்ட எம்டன் கப்பலைப் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கப்பலில் பிடிபட்ட ஜெர்மானியர்களில் ஒரு பகுதியை அடைத்து வைத்தது இங்கேதான். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது இந்தச் சிறையின் கதவையும் திறந்துவிட்டார்கள். பெரும்பாலான கைதிகள் வெளியே வரவில்லை. லௌட்டர்பாக் என்ற எம்டன் அதிகாரியும் வேறு சிலரும் மட்டும் தப்பிப் போனார்கள். 1971இல் ஆங்கிலப் படை சிங்கப்பூரைவிட்டு விலகியது. மறு ஆண்டிலிருந்து 1989 வரை தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைப் பணிக்கு, பையன்களைப் பதிவு செய்யும் அலுவலகம் அங்கே நடந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூர்த் தமிழர் பலர் அந்த மேட்டில்தான் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இப்போது உணவகம், மரச்சாமான் கடை, ஓவியக்கூடம்.

நம் பக்கத்துச் செட்டியார்கள் அதே ஊரில் 1859இல் டாங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள். கொட்டடிக்கும் கோயிலுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. அவையும் நீளக் கூடங்கள்தான். ஆளுக்கொரு பெட்டி, அதன் முன்னால் உட்கார்ந்து வட்டிக்கடை, இரவானால் அங்கேயே பாய். அவற்றில் ஒன்றும் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். பட்டாளத்தின் கூடம் நிற்கிறது, நம் கூடம் நிற்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஆசாரியையும் கொத்தனாரையும் அப்புறம் கூப்பிடலாம். வீட்டின் வயதையும் அது பார்த்த வேலைகளையும் எழுதுங்கள். பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று, பழைய பேரேடு, ஐந்தொகை, கல்யாணப் புகைப்படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவை இல்லாவிட்டால் வீடே சொல்லும். மச்சில் இரும்பு உத்திரம் இருந்தால் விளக்கடித்துப் பாருங்கள். ஆலையின் பெயர் புடைத்திருக்கும். உடைந்த பூ ஓட்டின் பின்பக்கம் ஜப்பான் என்று அச்சு இருக்கலாம். மங்களூர் ஓட்டிலும் கம்பெனிப் பெயர் உண்டு. இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காலம் தெரிந்துவிட்டால் எது முதலில் கட்டியது, எது பின்னால் சேர்த்தது என்று பிரிந்துவிடும். பின்னால் ஒட்டவைத்த தடுப்பை எடுப்பதற்கு யோசிக்க வேண்டாம். முதலில் கட்டியதைத் தொடுமுன் பத்து முறை யோசியுங்கள்.

இரண்டாவது, ஒரு ஐப்பசி கார்த்திகை முழுக்கச் சும்மா பாருங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முற்றத்தில் விழும் தண்ணீர் எங்கே போகிறது? நம் வீடுகளில் அது தூம்பு வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போய் ஊருணிக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். நடுவில் யாராவது கான்கிரீட் போட்டு அடைத்திருந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் அடித்தளத்தில்தான் நிற்கிறது. சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சுண்ணாம்பை ஒரு கட்டை விரல் அகலத்துக்குப் பூசி, அதன் மேலேயே தேதியைக் கீறி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். பூசியது முழுசாக இருந்தால் அது பழைய விரிசல், பயம் வேண்டாம். பூசியதும் பிளந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே பூசக்கூடாது. டெம்ப்சியிலும் இதையேதான் செய்தோம்.

கூரைதான் உயிர். ஒரு நாட்டு ஓடு சரிந்தால் அதன் கீழே சட்டம் நனையும், சட்டம் நனைந்தால் கரையான் ஏறும். பர்மாத் தேக்குக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். விட்டம் சுவருக்குள் போகும் முனையைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே அரித்துப்போயிருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் மச்சு (மரக்கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை) என்றால் மேலே ஏறித் தட்டோட்டின் இடுக்குகளைப் பாருங்கள். செடி முளைத்திருந்தால் வேரோடு எடுத்துச் சுண்ணாம்பு இடுங்கள். கையில் இருக்கும் பணம் கூரைக்கு மட்டும்தான் போதும் என்றால் கூரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

பூச்சு பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு வீடு. ஒரு கம்பெனி வந்து, சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று கொத்திவிட்டு சிமெண்டு பூசிக் கொடுத்தது. பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் முழங்கால் உயரம்வரை உப்புப் பூத்தது, அப்புறம் பலகை பலகையாக விழுந்தது. விழும்போது உள்ளே இருந்த செங்கலின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, எங்க அப்பச்சி கட்டுன சுவரு, எண்பது வருசம் நின்னுச்சு. ரெண்டு வருசத்துல இப்படி ஆயிருச்சே” என்று சொல்லி அழுதார்கள். எனக்கும் தாங்கவில்லை. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமெண்டு விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் எங்கேயாவது உடைத்துக்கொண்டுதான் வரும்.

அதனால் பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் வாரக்கணக்கில் ஊறவிடுங்கள். நாள் ஆக ஆக வெண்ணெய் மாதிரி ஆகும். முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல். கலவையில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர். அடுத்தடுத்த பூச்சுக்கு மணல் நைசாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சு கிளிஞ்சல் சுண்ணாம்பில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. ஒரு பூச்சு இறுகுமுன் அடுத்ததற்கு அவசரப்படக்கூடாது. நல்ல இடத்தைக் கொத்தவும் கூடாது. விரல் கணுவால் தட்டி, ‘டொப்’பென்று கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். ஒரு சுவர் முழுக்க மாற்ற வேண்டிய வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இத்தனையும் பார்த்த பிறகுதான் வீட்டை என்ன வேலைக்கு விடுவது என்ற கேள்விக்கு வர வேண்டும். பலரும் இதைத்தான் முதலில் முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். கொட்டடியில் கவனித்ததைச் சொல்கிறேன். பட்டாளத்துக்காரர்கள் ஐம்பது பேரை ஒரே கூடத்தில் படுக்க வைக்கக் கட்டியதால் உள்ளே குறுக்குச் சுவர் குறைவு. அதனால்தான் அலுவலகமும் உணவகமும் கடையும் பெரிய இடிபாடு இல்லாமல் உள்ளே நுழைந்தன. சமையல் புகையும் தண்ணீரும் பின்பக்கக் கொட்டகைக்குப் போயின, கூடம் கூடமாகவே இருந்தது. அதே ஊரில் 1936இல் கட்டிய கில்மன் பேரக்ஸை 2012இல் ஓவியக்கூடங்களாகத் திறந்தார்கள். அழகான வேலை. ஆனாலும் போதுமான கூட்டம் வரவில்லை என்று சில ஆண்டுகளிலேயே பல கூடங்கள் காலி செய்துகொண்டு போயின. கட்டடம் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது, ஆள் வந்து போகும் வழியும் வேண்டும்.

நம் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முகப்பும், அதை அடுத்த பட்டாலை என்ற கூடமும் பத்துப் பேர் கூடுவதற்கே கட்டியவை. சாப்பாட்டுக்கூடம், நூலகம், பாட்டு வகுப்பு, துணி விற்பனை எதுவும் அங்கே பாந்தமாக உட்காரும். வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், சாமான் வைக்கப் பிரித்துக் கொடுத்தவை. சின்னது, காற்று குறைவு. அவற்றைத்தான் எல்லாரும் குளியலறையோடு கூடிய விருந்தினர் அறையாக்கப் பார்க்கிறார்கள். தடிமனான சுவரை உடைத்துக் குழாய் இழுத்து ஏசி மாட்டினால் ஒரு வருடத்தில் சுவர் பூசணம் பிடிக்கிறது. தங்க வைப்பதானால் சன்னல் உள்ள மாடி அறையை எடுங்கள். குளியலறையைப் பின்கட்டிலோ தோட்டத்திலோ புதுச் சுவர் எழுப்பிக் கட்டுங்கள். தேக்கு விட்டத்தின் மேல் ஈர அறை போடவே கூடாது. மின்கம்பியைச் சுவரை வெட்டிப் புதைக்காமல், வெளியே மரச்சட்டம் வைத்து ஓட்டுங்கள். நாளைக்கு மாற்றுவது சுலபம்.

பங்காளிகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். பாதி வேலையில் நின்று மழையில் நனைந்துகொண்டிருக்கும் வீடுகள் பெரும்பாலும் இதனால்தான் நிற்கின்றன. சம்மதக் கடிதத்தில் எத்தனை வருடத்துக்கு, கூரைச் செலவு யாருடையது, படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வீட்டை எந்த நாட்களில் விட வேண்டும் என்ற மூன்றையும் குறியுங்கள். படைப்பு வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அந்த நாளில் கதவைச் சாத்தி வைத்தால் பெரிய மனஸ்தாபமாகிவிடும்.

வேலை முடிந்ததும் வாசலில் ஒரு பலகை வையுங்கள். கட்டிய காலம், கட்டியவர் கொண்டுவிற்ற, அதாவது தொழில் செய்த, ஊர் ரங்கூனோ பினாங்கோ கொழும்போ, நடுவில் வீடு பார்த்த வேலை, பூட்டிக் கிடந்த வருடங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். கூடவே கல் சுமந்த, சுண்ணாம்பு அரைத்த, மரம் செதுக்கிய ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். என் அப்பாவும் அப்படிச் சுண்ணாம்பு அரைத்த கொத்தனார்தான். டாங்லின் கொட்டடியின் கதையில் சிறையும் கலகமும் இருப்பதுபோல உங்கள் வீட்டுக் கதையிலும் நொடித்த காலம் இருக்கும். 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் எத்தனை பேர்! அதை மறைக்க வேண்டாம். பலகையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள், மெருகுப் பூச்சு நட்சத்திரம் போல விரிந்துவிடும். திண்ணைத் தூணில் கயிற்றால் கட்டுங்கள், அல்லது தனியாக ஒரு மரக்காலில் நிறுத்துங்கள்.