சிவப்பு செடார்: முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில், வான்கூவர் பக்கம் வீடு வாங்கி, பின்புறம் சொதசொதவென்று ஈரமாகவே கிடக்கும் மூலையில் என்ன வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது வெஸ்டர்ன் ரெட் செடார்தான். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மரம். வருடம் பூராவும் பச்சை, பெரிய மரங்களின் நிழலிலும் வரும், குளிர்கால ஈரத்தைப் பொருட்படுத்தாது. ஆனால் கோடையில் வேர் காய்ந்தால் தாங்காது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பெயரில் செடார் இருந்தாலும் இது நிஜ செடார் இல்லை. நம் இமயமலைத் தேவதாருதான் அந்த வகை. அந்த ஊர்த் தெருக்களில் அதையும் அழகுக்காக நட்டிருக்கிறார்கள், குழம்ப வேண்டாம். தேவதாருவுக்குக் கொத்துக் கொத்தாக ஊசி இலை. சிவப்பு செடார் சைப்ரஸ் குடும்பம், இலைகள் சின்னச் சின்னச் செதில்களாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, தலைமுடியைத் தட்டையாகப் பின்னிவிட்டதுபோல் இருக்கும்.

ஒரு சிறு கிளையைப் பிடித்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செதில்களின் ஓரத்தில் மெழுகு பூசியதுபோல வெளிறிய வெள்ளைத் தடங்கள் தெரியும், சிறகு விரித்த குட்டிப் பட்டாம்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல. அது தெரிந்தால் பாதி முடிந்தது. போர்ட் ஆர்ஃபர்ட் செடார் என்ற மரத்தில் இதே இடத்தில் பெருக்கல் குறி மாதிரி கோடு இருக்கும். யெல்லோ செடாரில் இப்படித் தெளிவான வெள்ளைத் தடம் இருக்காது, இலையை எதிர்ப்பக்கமாகத் தடவினால் கையில் குத்தும். அப்புறம் காய்: சிவப்பு செடாரின் காய் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நீள்வாட்டமாக இருக்கும், முற்றி விரியும்போது மரத்தில் செதுக்கிய ரோஜா மொட்டு போலத் தெரியும். மற்ற இரண்டுக்கும் காய் உருண்டை. இலையைக் கசக்கி முகர்ந்தால் அன்னாசிப்பழம் கலந்த இனிய வாசம், எனக்கு மிகப் பிடித்த அடையாளம் அதுதான்.

தூரத்திலிருந்து பார்த்தால் கிளைகள் கீழே தாழ்ந்து நுனியில் மட்டும் மேலே வளையும். அடிமரம் அகன்று மடிப்பு மடிப்பாக இருக்கும். பட்டை நார் நாராக, நீள நீளமாக உரியும். கோஸ்ட் சேலிஷ், ஹைடா போன்ற பூர்வகுடி மக்கள் இந்தப் பட்டையில் கயிறும் தொப்பியும் பாயும் செய்தார்கள், மரத்தைக் குடைந்து படகு செய்தார்கள். பட்டையை ஒரு பக்கம் மட்டுமே உரிப்பார்கள், மரம் உயிரோடு நிற்கும். காட்டில் நடக்கும்போது அடிமரத்தில் மேலே போகப் போகக் குறுகும் நீண்ட வடு தெரிந்தால் அது அப்படி உரித்த தடமாக இருக்கலாம், தொட்டுப் பார்க்கலாம், ஆனால் கத்தி வைக்காதீர்கள். வான்கூவர் இருக்கும் கனடா மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1846க்கு முந்தைய அந்தத் தடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. 1988 முதல் அந்த மாகாணத்தின் அதிகாரபூர்வ மரமும் இதுதான்.

சரி, நடுவதற்கு வருவோம். கடையில் வாங்கும்போது சீட்டில் துயா பிளிகாட்டா என்ற இதன் அறிவியல் பெயர் இருக்கிறதா பாருங்கள். வேலிக்கு வைக்கும் 'எமரால்ட் கிரீன்' அமெரிக்கக் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த வேறு இனம். 'கிரீன் ஜயன்ட்' ஒரு கலப்பினம். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தவர்கள், மண், நீர் பாதுகாப்புக்கான உள்ளூர் அமைப்புகளான கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட்கள் குளிர்காலத்தில் நடத்தும் கன்று விற்பனையைத் தவறவிடாதீர்கள். சின்னக் கன்றே நல்லது, சீக்கிரம் வேர் பிடிக்கும்.

இடம்தான் முக்கியம். காட்டில் 60 மீட்டர் வரை போகும் மரம், ஆயிரம் வருடம் தாண்டியும் நிற்கும். வீட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாமல், செப்டிக் குழாய்கள் ஓடாத இடமாகப் பாருங்கள். ஸ்கங்க் கேபேஜ், சால்மன்பெரி போன்ற ஈரம் விரும்பும் காட்டுச் செடிகள் தானாக முளைத்திருந்தால் அங்கே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அக்டோபரில் மழை பிடித்ததும் நடுங்கள். தொட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாகக் குழி, ஆழம் மட்டும் தொட்டியளவே, வேர் தொடங்கும் இடம் மண்மட்டத்துக்கு மேல் தெரிய வேண்டும். சுற்றிலும் மரச்சீவலை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல். மான் வரும் இடம் என்றால் நட்ட அன்றைக்கே கம்பிவலை போட்டுவிடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். இளம் தளிரை மொட்டையாக்கிவிடும்.

அந்தப் பக்கம் மழை நாடு என்று பெயர்தானே தவிர, ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை பெரிதாக இருக்காது. முதல் மூன்று கோடையாவது, முடிந்தால் ஐந்து, வாரம் ஒருமுறை குழாயை மெல்லத் திறந்துவிட்டு ஆழமாக ஊறவிடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதில் பலன் இல்லை, வேர் மேலேயே தங்கிவிடும்.

செப்டம்பர், அக்டோபரில் மரம் திடீரென்று ஆரஞ்சுப் பழுப்பாகத் தெரியும்போது நிறையப் பேர் பயந்துபோய் வெட்டவே ஆள் கூப்பிடுகிறார்கள். என் மரத்தில் முதல்முறை பார்த்தபோது எனக்கும் மனசு பதறியது. கிளைக்குள் கைவிட்டு விலக்கிப் பார்த்தேன்: தண்டுக்குப் பக்கத்தில் இருந்த பழைய இலைகள் மட்டும் பழுத்திருந்தன, நுனியெல்லாம் பச்சை. அது ஒவ்வொரு வருடமும் நடக்கும் உதிர்வு, ஒன்றும் செய்ய வேண்டாம். மாறாக உச்சி மெலிந்து வெளிச்சம் ஊடுருவினாலோ, நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்தாலோ அது தண்ணீர்த் தட்டுப்பாடு. 2021 ஜூன் கடைசியில் அடித்த அந்தக் கொடும் வெயிலில் வெயில் படும் பக்கமெல்லாம் கருகிய மரங்கள் உண்டு; அதற்கு முன்பிருந்தே வறண்ட கோடைகளால் பல இடங்களில் உச்சி காய்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் மரத்தில் அப்படித் தெரிந்தால் உரம் போடாதீர்கள். கிளைகள் பரவியிருக்கும் எல்லை வரை மரச்சீவல் போட்டு, அடுத்த கோடையில் ஜூன் மாதமே தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள்.