வீட்டு நாய்க்கு ராகி பிஸ்கட்: முதன்முறை சுடுபவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி மாவு இல்லாத வீடு அரிது. பென்னாகரத்திலிருந்து தேன்கனிக்கோட்டை வரை களிக்கும் கூழுக்கும் எப்போதும் அரைத்து வைத்திருப்போம். அந்த மாவிலேயே நாய்க்கு நல்ல பிஸ்கட் சுடலாம். டீக்கடை பிஸ்கட்டை நாய்க்குப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் இருப்பது மைதாவும் சர்க்கரையும்தான். தினமும் போட்டால் நாய்க்கு எடை ஏறும். வீட்டில் செய்தால் உள்ளே என்ன போகிறது என்று நமக்கே தெரியும். செய்முறை சுலபம். ஆனால் எதையெல்லாம் சேர்க்கக் கூடாது என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். அதனால் முதலில் அது.

சேர்க்கக் கூடாதவை

திராட்சை, உலர் திராட்சை இரண்டும் கூடவே கூடாது. சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. பாயசத்தில் மிஞ்சிய திராட்சை, லட்டுவில் இருக்கும் திராட்சை எல்லாம் இதில் அடக்கம். திராட்சையில் எது இப்படிச் செய்கிறது என்பது வெகுகாலம் புதிராகவே இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவில் விலங்கு நச்சு மருத்துவர்கள் சிலர் சுட்டிக்காட்டினார்கள். இது நம் ஊருக்கு ரொம்ப முக்கியமான சேதி, ஏனென்றால் அதே அமிலம் புளியில் ஏராளம். சாலையோரமும் வரப்போரமும் புளியமரம் நிற்கிற ஊர் இது. புளி உடைக்கும் காலத்தில் முற்றமெல்லாம் புளி காயும், நாயும் அங்கேயே படுத்திருக்கும். தயவுசெய்து அதைத் தள்ளிக் கட்டுங்கள். புளிக்குழம்பு, ரசம் ஊற்றிப் பிசைந்த சோறும் வேண்டாம்.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. சாக்லேட், கோகோ பவுடர் இரண்டும் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சைலிட்டால் என்ற இனிப்பு, சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்திலும் சில வகை பீநட் பட்டரிலும் இருக்கும். அது நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிடும். லேபிளில் பிர்ச் சுகர் என்று போட்டிருந்தாலும் அதேதான். உப்பு, சர்க்கரை, வெல்லம், பேக்கிங் சோடா எதுவும் இந்த பிஸ்கட்டுக்குத் தேவையில்லை.

வேர்க்கடலை சேர்க்க ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். செல்லரித்த பழைய கடலை நாய்க்குத்தானே என்று ஒதுக்கி வைப்பது பெரிய தவறு. பழைய மாவுக்கும் இதே பேச்சுதான்.

தேவையானவை

ராகி மாவு 200 கிராம், கோதுமை மாவு 50 கிராம், வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், முட்டை ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அவ்வளவுதான். பரங்கிக்காய் கிடைக்காவிட்டால் சர்க்கரைவள்ளிக்கிழங்கோ கேரட்டோ போடலாம். ராகியில் குளூட்டன் இல்லாததால் தனியாகப் பிசைந்தால் உதிரும். சேர்த்துப் பிடிக்கத்தான் கோதுமையும் முட்டையும். கோதுமை ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் முழுக்க ராகியே போட்டு, பரங்கிக்காயைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. பரங்கிக்காயைத் தோலும் விதையும் நீக்கி, உப்பில்லாமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள். ஈரம் மிஞ்சினால் பிஸ்கட் உள்ளே வேகாது.

2. ராகி மாவைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வறுங்கள். மணம் வந்ததும் இறக்கி நன்றாக ஆறவிடுங்கள். சூடான மாவில் முட்டையை உடைத்து ஊற்றினால் திரிந்துவிடும்.

3. எல்லாவற்றையும் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவை விடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீரை ஒரு கரண்டி அளவு தெளியுங்கள், ஒட்டினால் ராகி மாவைத் தூவுங்கள். கால் மணி நேரம் மூடி வையுங்கள்; மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

4. இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 3 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். ஏறக்குறைய எழுபது துண்டு வரும். எல்லாம் ஒரே கனத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக நிற்கும்.

5. ஓவனை 160 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் முன்சூடு செய்து, துண்டுகளை அடுக்கி அரை மணி நேரம் சுடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, சூட்டை 120 டிகிரிக்குக் குறைத்து இன்னொரு அரை மணி நேரம் காயவிடுங்கள். இந்த இரண்டாவது அரை மணி நேரம்தான் பிஸ்கட்டை நாள்பட வைக்கும், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

ஓவன் இல்லையா? கனமான வாணலியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். துண்டுகளைத் தட்டில் அடுக்கி ஸ்டாண்டின் மேல் வைத்து, மூடி, சிறு தீயில் நாற்பது நிமிடம் விடுங்கள். தட்டில் கொள்கிற அளவுக்குத்தான் ஒரு ஈடு வைக்க முடியும். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் ஆறும் வரை உள்ளேயே இருக்கட்டும். உப்பு துண்டுகளின் மேல் படக் கூடாது.

6. ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்து, உள்ளே ஈரம் தெரியாமல் இருந்தால் தயார். வளைந்தால் மறுபடியும் அடுப்புக்குள் வையுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்

பிஸ்கட்டு, தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாயின் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த அளவில் செய்த துண்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 15 கலோரி வரும். 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஐந்து துண்டு, 5 கிலோ பொமரேனியனுக்கு இரண்டு. முதல் நாள் பாதித் துண்டு மட்டும் கொடுத்து, வயிறு கலங்குகிறதா, உடம்பைச் சொறிகிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, கணையக் கோளாறு உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்.

மாம்பழக் காலத்தில் நிறையப் பேர் கேட்பது: மாம்பழம் கொடுக்கலாமா? தோலும் கொட்டையும் நீக்கிய சதையில் ஒரு துண்டு தாராளமாகக் கொடுக்கலாம். கொட்டைதான் ஆபத்து. முழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சை வரை போகும். மாந்தோப்பில் காவல் கிடக்கும் நாய்கள் கீழே விழுந்ததையெல்லாம் தின்னும். சந்தூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது. வாந்தி, சாப்பாடு இறங்காதது, வயிற்றைத் தொட்டால் கத்துவது என்றால் தாமதிக்காதீர்கள்.

ஆகாத எதையாவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு, பாக்கெட் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். திராட்சை தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருப்பதுபோலத் தெரியலாம். சிறுநீரகத்தின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால் நாய் விளையாடுகிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

எடுத்து வைப்பது

பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே ஒரு வாரம், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். சித்திரை வெயிலில் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் நமுத்துப் போனால் 120 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் திரும்ப மொறுமொறுப்பாகும். ஆனால் ஒரு துண்டில் பூசணம் தெரிந்தால்கூட டப்பா முழுவதையும் கொட்டிவிடுங்கள். பல் விழுந்த வயதான நாய்க்கும் சின்னக் குட்டிக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து கொடுங்கள்.