கறுப்பும் வெறுமையும் போதும்: ஹாலோவீன் வாழ்த்து அட்டைகளை வீட்டிலேயே செய்யும் முறை

பெங்களூரின் அடுக்ககங்கள் பலவற்றில் அக்டோபர் 31ஆம் நாள் மாலை பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் வழக்கம் வேரூன்றிவிட்டதால், அண்டை வீட்டாரை அழைக்கவோ வாழ்த்தவோ ஓர் அட்டையும் தேவைப்படுகிறது. கடைகளில் விற்கும் அட்டைகளில் வௌவால், சிலந்தி, சூனியக்காரி, மண்டையோடு, பூசணி என எல்லாம் ஒரே முகப்பில் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. இங்கே விவரிக்கும் முறை அதற்கு நேர்மாறானது. ஓர் அட்டைக்கு ஓர் உருவம், அதிகமாகப் போனால் இரண்டு நிறம், முகப்பில் மூன்றில் இரண்டு பங்காவது வெறுமை என்ற வரம்புக்குள் நின்று செய்வது. பேய்க்கதை சொல்லத் தெரிந்த பாட்டி பேயை முழுதாக வருணிக்க மாட்டார். கிணற்றடியில் கொலுசுச் சத்தம் கேட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வார். அட்டையும் அந்த அளவில் நின்றால் போதும்.

அலங்காரம் குறையக் குறையத் தாளின் தரமும் மடிப்பின் நேர்த்தியும் கண்ணில் படும் என்பதால், முதல் கவனம் தாளுக்குரியது. பள்ளித் திட்டவேலைகளுக்கு வாங்கும் சாதாரண சார்ட் பேப்பர் இதற்கு மெலிது. நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும். 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள, பளபளப்பில்லாத ஐவரி ஷீட் அல்லது டிராயிங் தாள் பொருத்தமானது. அக்கம்பக்கத்து ஸ்டேஷனரி கடையில் கிடைக்காவிட்டால் அவென்யூ சாலையிலும் சுல்தான்பேட்டையிலும் உள்ள தாள் கடைகளில் கேட்கலாம். கறுப்புத் தாள் வாங்கும்போது மட்டும் ஒரு சோதனை அவசியம். சில தாள்களில் மேற்பரப்பு மட்டுமே கறுப்பு, உள்ளே வெள்ளை. அவற்றை மடித்தாலோ வெட்டினாலோ விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்து முழு வேலையையும் கெடுத்துவிடும். மாதிரித் துண்டு ஒன்றின் மூலையைக் கிழித்துப் பார்த்து, உள்ளும் கறுப்பாக இருக்கும் தாளையே வாங்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக மடித்தால் 105 மி.மீ. அகலமும் 148 மி.மீ. உயரமும் கொண்ட அட்டை கிடைக்கும். தாள் வீணாகாது என்பதோடு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆலையில் தாள் உருவாகும்போது அதன் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும், குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்துப் பிசிறு தட்டும். ஏ4 தாள்களில் இழையோட்டம் பெரும்பாலும் நீளவாக்கில் இருப்பதால், மேற்சொன்னபடி வெட்டி மடிக்கும் அட்டையில் மடிப்பு இழையோடு ஒத்துப்போகிறது. முழு ஏ4 தாளை ஒரே மடிப்பில் பெரிய அட்டையாக்கும்போது இழைக்குக் குறுக்காக அமைந்துவிடுகிறது. ஐயமிருந்தால் தாளை மடிக்காமல் இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்க்கலாம். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் அச்சு இழைக்கு இணையானது.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்தியாக வேண்டும். முகப்பு வரவேண்டிய பக்கத்தில், நடுக்கோட்டில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்தி இழுத்தால் ஒரு பள்ளம் விழும். மறுபக்கத்தில் அதுவே சிறு மேடாகத் தெரியும். அந்த மேடு உள்ளே போகும்படி மடித்தால் தாளின் வெளிப்புறம் இழுபட்டுக் கிழியாது. வெட்டும் வேலைகளைக் கத்தரிக்கோலால் செய்யாமல் கட்டரால் செய்வது நல்லது. ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், பழைய அட்டைப்பெட்டித் துண்டின்மேல் தாளை வைத்து, மெல்ல மூன்று நான்கு முறை இழுத்தால் விளிம்பு நேராக வரும். சிறுவர் கையில் கட்டரைக் கொடுக்காமல் பஞ்ச் செய்யும் வேலையையும் எழுதும் வேலையையும் அவர்களுக்கு ஒதுக்கலாம்.

இனி உருவங்கள். ஹாலோவீனின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளின் கெல்டிய மக்கள் அறுவடை முடிவில் கொண்டாடிய 'சாவின்' (Samhain) என்னும் திருநாளில் இருப்பதாகக் கருதப்படுகிறது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகுதான் அந்த இடத்தைப் பூசணி பிடித்தது. ஆக, இடத்துக்கேற்ப உருவம் மாறுவது இந்தப் பண்டிகைக்குப் புதிதன்று. நம் ஊர்ப் பேய்களை அட்டையில் கொண்டுவருவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

குறைந்த வேலையில் அதிகப் பலன் தருவது கொள்ளிவாய்ப் பிசாசு. கறுப்புத் தாளில் அட்டையை மடித்துக்கொண்டு, முகப்பில் மட்டும் ஃபைல் பஞ்ச் கொண்டு ஒரே ஒரு துளையிட வேண்டும். வலது ஓரத்தில், பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே அது அமையட்டும். அலுவலகப் பஞ்சின் துளை ஏறத்தாழ 6 மி.மீ. விட்டமுடையது, விளிம்பிலிருந்து 12 மி.மீ. தொலைவில் விழும். அதைத் தாண்டி உள்ளே எட்டாது என்பது குறைபாடாகத் தோன்றினாலும், நெருப்புப் பொறி ஓரத்தில் இருக்கும்போதுதான் ஏதோ ஒன்று இருட்டைக் கடந்து போய்க்கொண்டிருப்பது போன்ற உணர்வு வருகிறது. நடுவில் வைத்தால் வெறும் பொட்டு. பஞ்சின் அடிமூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் துளை விழும் இடம் கண்ணுக்குத் தெரியும். பிறகு 99 மி.மீ. அகலமும் 142 மி.மீ. உயரமுமான செம்மஞ்சள் தாளை உள்பக்கத்தின் வலப்புறத்தில் ஒட்டினால், மூடிய அட்டையில் துளை வழியே ஒரு கங்கு தெரியும். திறந்தால் அதுவே எழுதும் பரப்பாகிவிடும்.

இரண்டாவது உருவம் பெங்களூரோடு தொடர்புடையது. 1990களில், இரவில் கதவைத் தட்டும் பேய் ஒன்றைப் பற்றிய வதந்தி இந்நகரில் பரவியபோது, கதவுகளிலும் சுவர்களிலும் 'நாளே பா' ('நாளை வா') என்று கன்னடத்தில் எழுதிவைத்தார்கள். அதைப் படித்துவிட்டுப் பேய் மறுநாள் வரலாம் என்று திரும்பிவிடும், மறுநாளும் அதையே படிக்கும் என்பது நம்பிக்கை. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ அக்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அட்டையை விளக்க வேண்டியிராது. வெள்ளை முகப்பின் கீழ்ப்பகுதியில் 35 மி.மீ. அகலமும் 70 மி.மீ. உயரமுமாக ஒரு கதவை வரைந்து, மேல், வலம், கீழ் ஆகிய மூன்று பக்கங்களை மட்டும் வெட்டி, இடப்பக்கத்தில் கோடு அழுத்திவிட்டால் கதவு திறக்கும். கதவின்மேல் அந்த இரு சொற்களைச் சிறிதாக, சற்றே கோணலாக எழுதலாம். கதவுக்குப் பின்னால் வரும் இடத்தில், உள்பக்கத்தில், கதவைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டை ஒட்ட வேண்டும். கண்களோ பற்களோ வரையத் தோன்றும், வரையாதீர்கள். கதவைத் திறப்பவருக்கு இருட்டு மட்டுமே தெரிய வேண்டும். அட்டையை முழுதாகத் திறந்தால், கறுப்புத் துண்டுக்கு மேலே 'நீங்கள் இன்றைக்கே வாருங்கள், மாலை ஏழு மணிக்கு' என்ற அழைப்பு இருக்கும்.

மூன்றாவதற்கு மையே வேண்டாம். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே ஒரு மோகினியைப் புடைப்பாக எழுப்புவது இது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில், தலை முதல் புடவை நுனி வரை ஒரே வளைவாக, ஏறத்தாழ 60 மி.மீ. உயரத்தில் உருவத்தை வெட்டி நீக்கிக்கொள்ள வேண்டும். முகமும் பாதங்களும் தேவையில்லை. பாதமில்லாமல் அந்தரத்தில் நின்றாலே யாரென்று தெரிந்துவிடும். துளையுள்ள அந்தப் பத்திரிகையை, இன்னும் மடிக்காத அட்டையின் முகப்பில் டேப்பால் லேசாக ஒட்டி, அது கண்ணாடியைத் தொடும்படி பகல் வெளிச்சத்தில் ஜன்னல்மேல் வைத்தால், தாளின் பின்புறத்தில் உருவம் வெளிச்சமாகத் தெரியும். அந்த விளிம்பை உருண்டை முனையுள்ள பின்னல் ஊசியால் மெல்ல அழுத்திச் சுற்றிவர வேண்டும். பின்புறத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துக்கொண்டால் ஊசி தாளைக் கீறாமல் வழுக்கும். இதற்கு 200 ஜிஎஸ்எம் தாளே ஏற்றது. அதைவிடத் தடிமனானால் வெளிச்சமும் புகாது, புடைப்பும் எழாது. நேர்வெளிச்சத்தில் இந்த அட்டை வெற்றுத் தாளாகவே தோன்றும். பக்கவாட்டில் சாய்த்தால்தான் அவள் தெரிவாள். செய்யக்கூடிய அட்டைகளில் இதையே சிறந்ததென்று சொல்வேன், பெற்றுக்கொள்பவர்களில் சிலர் கவனிக்காமலே வைத்துவிடக்கூடும் என்றாலும்.

பூசணி இல்லாமல் மனம் கேட்காதவர்கள், ஆயுத பூஜையன்று தெருவில் உடைபடும் திருஷ்டிப் பூசணியை நினைத்துக்கொண்டு, வெள்ளை முகப்பில் இரண்டு உருட்டு விழிகளையும் ஒரு முறுக்கு மீசையையும் மட்டும் கறுப்பில் தீட்டலாம். காயின் வெளிக்கோடு வேண்டாம்.

கல்லறைக் கல், சிலுவை ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. நவம்பர் 2 கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். அட்டை போய்ச் சேரும் வீட்டார் இரண்டே நாளில் தம் உறவினரின் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு செல்பவர்களாக இருக்கலாம்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை வேண்டாம். அதிலுள்ள ஈரத்தில் தாளின் இழைகள் உப்பி, காய்ந்தபின் அட்டை நெளியும். அக்டோபர் மழையில் காய்வதற்கும் நேரமாகும். குளூ ஸ்டிக் அல்லது டபுள் சைடு டேப் போதும். ஒட்டியபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் தட்டையாக நிற்கும். உள்ளே எழுதுவது இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். கறுப்புத் தாளில் எழுத வெள்ளை ஜெல் பேனா பயன்படும்; அதன் மை நன்றாகக் காய்ந்தபிறகே அட்டையை மூட வேண்டும்.

உறையையும் சாதாரண ஏ4 தாளிலேயே செய்துவிடலாம். தாளை நிமிர்த்தி வைத்து, இரு பக்கங்களிலும் 29 மி.மீ. விட்டால் நடுவில் 152 மி.மீ. அகலம் கிடைக்கும். கீழிருந்து 109 மி.மீ., அதற்கு மேல் இன்னொரு 109 மி.மீ. என்று குறித்தால் மீதி 79 மி.மீ. மூடியாகும். அடிப்பகுதிக்கும் மூடிக்கும் உரிய பக்கச் சிறகுகளை வெட்டி நீக்கி, நடுப்பகுதியின் சிறகுகளை மட்டும் உள்ளே மடித்து, அவற்றின்மேல் பசை தடவி அடிப்பகுதியைத் தூக்கி ஒட்டினால் உறை தயார். அட்டையைப் படுக்கைவாட்டில் நுழைக்க வேண்டும். உறையின் முன்புறத்தில் பெயர் மட்டும் இருக்கட்டும். காவலாளியிடம் கொடுத்தனுப்புவதானால் வீட்டு எண்ணைப் பென்சிலால் பின்புறம் குறித்து, மழைத்தூறல் படாதபடி எல்லா உறைகளையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுங்கள்.