வாட்டர்லூல கோ-ஆப் எப்படி நடக்குது?

கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டி 1957ல தொடங்குனப்பவே கோ-ஆப்போடதான் தொடங்குச்சு, அதாவது படிப்புக்கு நடுவுலயே கம்பெனில வேலையும் பார்க்குற முறை. நாலு மாசம் கிளாஸ், நாலு மாசம் கம்பெனில சம்பளத்தோட வேலை, பெரும்பாலும் இப்படி மாறி மாறி போகும். வேலை தேடுறது படிக்கிற டேர்ம்லயேதான், மிட்டெர்ம் நெருங்குறப்ப இன்டர்வியூவும் வந்து நிக்கும், அதனால ரெஸ்யூமேவை முன்னாடியே ரெடி பண்ணி வெச்சிடுங்க ப்ளீஸ். அப்ளை பண்றது வாட்டர்லூவொர்க்ஸ் போர்ட்டல்ல. இன்டர்வியூ முடிஞ்சதும் கம்பெனி உங்களை ரேங்க் பண்ணும், நீங்களும் கம்பெனிகளை ரேங்க் பண்ணணும், ரெண்டையும் வெச்சு சிஸ்டம் மேட்ச் போடும். மேட்ச் ஆயிட்டா அந்த வேலைக்குப் போயே ஆகணும், அதனால சுத்தமா பிடிக்காத இடத்துக்கு சும்மா ரேங்க் போட்டு வைக்காதீங்க. முதல் ரவுண்டுல கிடைக்கலைன்னா பயப்படவே வேணாம், அடுத்தடுத்து போஸ்டிங் வந்துட்டே இருக்கும். வேலை முடியறப்ப சூப்பர்வைசர் இவால்யுவேஷன் போடுவாங்க, அதை மறக்காம கேட்டு வாங்குங்க.