படத்துல ஒரு கலர் பேசணும்னா பக்கத்துல யார வைக்கணும்

வாட்டர்கலர் புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்குற ஒரு கேள்வி இருக்கு, சோகத்துக்கு எந்தக் கலர் போடணும், கோபத்துக்கு எந்தக் கலர் போடணும்னு. நெட்ல தேடுனா ஒரு பட்டியலும் கிடைக்கும், சிவப்புன்னா கோபம், நீலம்னா அமைதி, மஞ்சள்னா சந்தோஷம். அந்தப் பட்டியல மனப்பாடம் பண்ணிட்டு உக்காந்தா படம் வராது. நெத்தில வச்ச குங்குமமும் சிவப்பு, ரயில நிறுத்துற கொடியும் சிவப்பு, வெட்டுப்பட்ட விரல்ல வர்றதும் சிவப்பு, இதுல எதன்னு பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியுது? பக்கத்துல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, அத வச்சுத்தான். ஒரு கலருக்குள்ள பாதி அர்த்தம்தான் இருக்கு, மீதிய அதோட பக்கத்து வீட்டுக் கலர் குடுக்குது. இத எப்படிக் கண்ணால பழகுறது, கையால செய்றதுன்னுதான் சொல்லப்போறேன்.

கதகளி பாத்திருந்தீங்கன்னா ஞாபகப்படுத்திக்கோங்க. நளன், அர்ஜுனன் மாதிரி உத்தமமான ஆளுங்களுக்கு முகம் பூரா பச்சை, அதுக்குப் பேரே பச்சை வேஷம். ராவணன், துரியோதனன், கீசகன் இவங்களுக்கும் அடியில அதே பச்சைதான், ஏன்னா அவங்களும் ராஜாங்க. ஆனா கன்னத்துல கத்தி மாதிரி வளைஞ்சு மேல ஏறுற ஒரு சிவப்பு, மூக்கு நுனியில ஒரு வெள்ளை உருண்டை, அவ்வளவுதான், ஆளே மாறிப்போறான். பச்சையத் தொடவே இல்ல. சிவப்பு பக்கத்துல வந்து உக்காந்ததும் அதே பச்சை திமிராத் தெரியுது.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலைக்குப் பெயின்ட்டே வேணாம். கடையில சார்ட் பேப்பர் வாங்குங்க, சாம்பல், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, கலருக்கு ஒண்ணு. சாம்பல் பேப்பர்ல ரெண்டு சென்டிமீட்டர் சதுரமா நாலு துண்டு வெட்டி, மீதி நாலு ஷீட்டுக்கும் நடுவுல ஒண்ணொண்ணா வைங்க. கறுப்பு மேல இருக்குறது வெளுத்துத் தெரியும், வெள்ளை மேல இருக்குறது கறுத்துத் தெரியும், சிவப்பு மேல இருக்குறது லேசா பச்சை பூத்த மாதிரி இருக்கும், பச்சை மேல இருக்குறது கொஞ்சம் ரோஸ் அடிச்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாதான் கடைசி ரெண்டும் பிடிபடும், அவசரப்படாதீங்க. பிள்ளைங்களுக்கு இதக் காட்டுனா நாலும் ஒரே பேப்பர்ல வெட்டுனதுன்னு நம்பவே மாட்டாங்க, எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்துட்டுத்தான் ஒத்துக்குவாங்க.

இதக் கண்டுபிடிச்சு எழுதுனவர் ஓவியர் இல்ல, செவ்ரூல்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர். 1824ல பாரிஸ்ல கோபெலின் நெசவுக்கூடத்துல சாயப்பட்டறைக்குத் தலைமையா வந்தார். அங்க நெய்யுறவங்க, கறுப்புச் சாயம் சரியில்ல, வெளுத்துத் தெரியுதுன்னு புகார் சொல்லிட்டே இருந்தாங்க. அவர் சோதிச்சுப் பாத்தா சாயத்துல ஒரு குறையும் இல்ல, கறுப்புக்குப் பக்கத்துல ஓடுற நீலமும் ஊதாவும்தான் அத மங்கலாக் காட்டுது. 1839ல இத ஒரு பெரிய புத்தகமாவே போட்டார், பிற்பாடு வந்த ஓவியர்கள் நிறைய பேர் அதப் பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம பட்டு நெசவுலயும் இந்த விஷயம் கைப்பழக்கமாவே இருக்கு, மயில்கழுத்துக் கலர்னு ஒரு புடவைய விரிச்சா ஒரு பக்கம் நீலமாவும் திருப்புனா பச்சையாவும் மின்னுதே, அது பாவுல, அதாவது நீளவாக்கு நூல்ல, ஒரு கலரு, ஊடையில, அதாவது குறுக்கு நூல்ல, இன்னொரு கலருன்னு ஓடுறதால வர்றது. தனித்தனி நூலா எடுத்துப் பாத்தா மயிலு எங்கயும் இல்ல.

அடுத்தது பெயின்ட் வாங்குறது. தயவுசெஞ்சு இருபத்திநாலு கலர் டப்பா வாங்காதீங்க, ஆறு ட்யூப் போதும். லெமன் எல்லோ, கேம்போஜ், கிரிம்சன், வெர்மிலியன், அல்ட்ராமரைன், பிரஷ்யன் ப்ளூ. அதாவது மஞ்சள், சிவப்பு, நீலம் மூணுலயும் சூடானது ஒண்ணு, குளுமையானது ஒண்ணு. சிவப்பு, மஞ்சள் பக்கம் சாஞ்சா சூடு, நீலம், பச்சை பக்கம் சாஞ்சா குளுமை. ஏன் ரெண்டு ரெண்டுன்னா, ஊதா கலக்குறப்பதான் தெரியும். கிரிம்சனும் அல்ட்ராமரைனும் சேத்தா கத்திரிப்பூ கலர் சுத்தமா வரும், வெர்மிலியனும் பிரஷ்யன் ப்ளூவும் சேத்தா சேறு மாதிரி ஒண்ணு வரும், ஏன்னா வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாஞ்ச சிவப்பு, பிரஷ்யன் பச்சை பக்கம் சாஞ்ச நீலம், உள்ள ஒளிஞ்சிருக்குற அந்த மஞ்சள் வந்து ஊதாவக் கெடுத்துடும். பச்சையும் அதே கதைதான், லெமன் எல்லோவோட பிரஷ்யன் சேந்தா கிளிப்பச்சை, கேம்போஜோட அல்ட்ராமரைன் சேந்தா பாசிப்பச்சை. கையில கொஞ்சம் காசு இருந்தா ஏழாவதா பர்ன்ட் சியன்னான்னு ஒரு செங்காவிக் கலர் வாங்கிக்கோங்க. அது கூட அல்ட்ராமரைன் சேத்தா சாம்பல்ல இருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரைக்கும் எல்லாம் வந்துடும், தனியா கறுப்பு ட்யூப் வேணவே வேணாம்.

கலரப் பாக்குறதுக்கு முன்னாடி வெளிச்சம் இருட்டப் பாக்கப் பழகணும், இதுதான் ரொம்ப பேர் தாண்டிப் போயிடுற இடம். கண்ண அரைவாசி மூடிப் பாருங்க, இல்லன்னா போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க. படம் அப்பவும் புரியுதுன்னா நிக்கும், எல்லாம் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா எத்தன கலர் போட்டாலும் நிக்காது. இதுக்கு ஒரு அழகான விதிவிலக்கு உண்டு, பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல வரைஞ்ச துறைமுகச் சூரிய உதயப் படம், இப்ப பாரிஸ்ல மார்மோத்தான் மியூசியத்துல இருக்கு. ஆரஞ்சுச் சூரியன் தகதகன்னு இருக்கும், ஆனா கறுப்பு வெள்ளையா மாத்துனா சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். சூரியனும் சுத்தி இருக்குற மேகமும் வெளிச்சத்துல ஒரே அளவு, கலர் மட்டும்தான் வேற. அதனாலதான் அந்தச் சூரியன் பாக்கப் பாக்கத் துடிக்கிற மாதிரி இருக்கு. அவர் தெரிஞ்சு செஞ்சார், நாம முதல்ல வெளிச்சத்தப் பிரிச்சுப் போடக் கத்துக்கிட்டு அப்புறம் அதத் தொடலாம்.

இப்ப ஒரு நிஜமான பயிற்சி. கொடியில காயுற ஒரு வெள்ளை வேட்டிய வரைங்க. மத்தியானம் மூணு மணி வெயில் நல்லது. வெள்ளை வேட்டின்னு மூளை சொல்லும், அதுக்கு நிழல் சாம்பல்னும் அதுவே சொல்லும், ரெண்டையும் கேக்காதீங்க. நான் மொட்டை மாடியில உக்காந்து இத வரைஞ்ச முதல் தடவ கறுப்புல தண்ணி ஊத்தி நிழல் போட்டேன், வேட்டி துவைக்காத துணி மாதிரி ஆகிப்போச்சு. மறுநாள் ஒரு அட்டையில சின்ன ஓட்டை போட்டு அது வழியா மட்டும் பாத்தேன், அப்பதான் தெரிஞ்சது மேல் மடிப்போட நிழல் நல்ல நீலம், ஏன்னா அங்க வெயில் படல, வானம்தான் வெளிச்சம் குடுக்குது. கீழ தரைப்பக்கம் இருக்குற மடிப்புல செங்கல் தளத்தோட வெளிச்சம் எதிரடிச்சு லேசா காவி. ரெண்டுக்கும் நடுவுல வெயில் துணிய ஊடுருவி வர்ற இடம் வெண்ணெய் மாதிரி ஒரு மஞ்சள். வெள்ளைன்னு நான் நெனச்ச துணியில உண்மையான வெள்ளை இருந்தது ஓரத்துல ஒரு கோடு மட்டும்தான், அதப் பேப்பரோட வெள்ளையாவே விட்டுட்டேன். அல்ட்ராமரைன்ல துளி கிரிம்சன், நிறையத் தண்ணி, இதுதான் மேல் நிழல். கீழ பர்ன்ட் சியன்னா ரொம்ப நீர்க்க. நீலம் ஈரமா இருக்கும்போதே காவியத் தொட்டு விட்டா ரெண்டும் தானா கலந்துக்கும். அந்த நீலம் பக்கத்துல வந்ததும் ஓரத்து வெள்ளை கண்ணக் கூச ஆரம்பிச்சுடும், இதுக்கு வெள்ளைப் பெயின்ட் ஒரு துளி கூட செலவாகாது.

ஓட்டை போட்ட அட்டை கட்டாயம் செஞ்சு வச்சுக்கோங்க. அது பக்கத்துக் கலர மறைச்சு உள்ளதக் காட்டும். உள்ளது என்னன்னு தெரிஞ்சாதான் பக்கத்துல என்ன வைக்கலாம்னு முடிவு பண்ண முடியும்.

அப்புறம் அளவு. ரெண்டு கலர சரிபாதியாப் போட்டா ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கும். புடவைய யோசிங்க, உடல் ஒரு கலர், அதுதான் முக்காவாசி, பார்டர் கொஞ்சம், ஜரிகை அதுலயும் கொஞ்சம். மாம்பழக் கலர் உடலுக்கு அரக்கு பார்டர் எடுப்பா இருக்குன்னா அந்த அளவுதான் காரணம். படத்துலயும் யாரு உடல், யாரு பார்டர், யாரு ஜரிகைன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, ஒரு ஓரத்துல தீப்பெட்டி சைஸ்ல மூணு கட்டம் போட்டு அளவ மாத்தி மாத்திப் பாருங்க.

கொஞ்சூண்டு கலர் எவ்வளவு பண்ணும்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச சம்பவம் லண்டன்ல 1832ல நடந்தது. ராயல் அகாடமி கண்காட்சி, திறக்குறதுக்கு முன்னாடி ஓவியர்கள் வந்து கடைசித் திருத்தம் பண்ணிக்கலாம். கான்ஸ்டபிள்ங்கிற ஓவியர் வருஷக்கணக்கா உழைச்ச வாட்டர்லூ பாலம் திறப்பு விழாப் படம் மாட்டியிருக்கு, வெர்மிலியன் போட்டு ஜொலிக்குது. பக்கத்துல இன்னொரு ஓவியர் டர்னரோட கடல் படம், பூரா சாம்பல். டர்னர் பின்னாடி நின்னு ரெண்டு படத்தையும் மாறி மாறிப் பாத்தார், அடுத்த ரூம்ல இருந்து பேலட்ட எடுத்துட்டு வந்து தன்னோட சாம்பல் கடல் மேல ஒரு காசு அளவுக்குச் சிவப்ப அப்பிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டார். சுத்தி இருந்த குளுமையில அந்த ஒரு பொட்டு எரிஞ்ச எரிச்சல்ல கான்ஸ்டபிளோட அத்தனை வெர்மிலியனும் சோந்துபோயிடுச்சு. டர்னர் வந்து துப்பாக்கியால சுட்டுட்டுப் போயிட்டார்னு கான்ஸ்டபிளே சொன்னாராம். ஒண்ணரை நாள் கழிச்சு டர்னர் வந்து அந்தப் பொட்ட ஒரு மிதவையா மாத்திட்டுப் போனார். ரெண்டு படத்துலயும் சிவப்புதான், நெறைய வச்சிருந்தவர் தோத்தார், சாம்பலுக்கு நடுவுல ஒத்தையா வச்சவர் ஜெயிச்சார்.

இப்ப அர்த்தத்துக்கு வரலாம். பாக்குறவங்க யாருன்னு யோசிக்கணும். இத்தாலியில பதுவா ஊருல ஜியோத்தோங்கிற ஓவியர் 1305 வாக்குல வரைஞ்ச சுவர்ப்படத்துல, காட்டிக்குடுத்த சீடன் யூதாஸ் இயேசுவக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்குறான், அவனோட மஞ்சள் அங்கி இயேசுவ அப்படியே மூடிக்குது, அங்க அந்த மஞ்சள் துரோகம். நம்ம கண்ணுக்கு மஞ்சள்னா மஞ்சக்கயிறு, மங்கலம். நீலத்தையும் பாருங்க, அந்தக் காலத்து அல்ட்ராமரைன் ஆப்கானிஸ்தான்ல படக்ஷான் மலையில வெட்டுன கல்ல அரைச்சு வந்தது, அவ்வளவு விலை, அதனால மாதாவோட மேலாடைக்குன்னு எடுத்து வச்சாங்க, விலையே மரியாதையா மாறிடுச்சு. 1820கள் கடைசியில செயற்கையா செய்ய ஆரம்பிச்சப்புறம்தான் நாம எல்லாம் ட்யூப்ல பிதுக்குற நிலைமை வந்தது.

அதனால ஒரு கலர் எடுக்கும்போது, இத எங்க வீட்டுப் பாட்டி பாத்தா என்ன தோணும்னு கேட்டுப் பாருங்க. வெள்ளைப் புடவை கட்டுன ஒரு அம்மாவ வரைஞ்சீங்கன்னு வைங்க. பக்கத்துல குத்துவிளக்கோட பொன்மஞ்சள், தலையில மல்லி, புடவையில ஜரிகைக் கரை, பாக்குறவங்க கேரளா, ஓணம்னு சொல்லிடுவாங்க. அதே வெள்ளைக்குப் பின்னாடி நீலம் கலந்த சாம்பல் சுவர், வெறும் நெத்தி, கழுத்துல ஒண்ணும் இல்ல, யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம், பாட்டி கண்ணு கலங்கிடும். ரெண்டையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு பாருங்க, இதவிட நல்ல பாடம் நான் பாத்ததில்ல.

எதிரெதிர் கலர வேணும்னே மோதவிடலாம். வான்கோ 1888ல ஆர்ல்ஸ்ல ஒரு ராத்திரிக் காபிக்கடையை வரைஞ்சார், சுவர் ரத்தச் சிவப்பு, கூரையும் பில்லியர்ட்ஸ் மேஜையும் பச்சை. மனுஷங்களோட பயங்கரமான உணர்ச்சிகள இந்தச் சிவப்பாலயும் பச்சையாலயும் சொல்லப் பாத்தேன்னு தம்பிக்கு எழுதியிருக்கார். பாத்தா உள்ள போய் உக்காரவே தோணாது. நீங்க மோதவிட வேணாம்னா ஒண்ணுல இன்னொண்ண துளி சேத்துடுங்க, பச்சையில கொஞ்சம் கிரிம்சன் சேத்தா மர நிழலுக்குச் சரியான பச்சை வரும், பச்சைப்பசேல்னு கத்தாது.

கடைசியா ஒரு சோதனை, பெயின்ட் வாங்குன அன்னைக்கே பண்ணிடுங்க. வான்கோ அதே வருஷம் வரைஞ்ச படுக்கையறைப் படத்துல சுவர் இன்னைக்கு நீலமா இருக்கு, ஆனா அவர் போட்டது ஊதா, அதுல இருந்த சிவப்பு வெளிச்சத்துல வெளுத்துப்போச்சு, பக்கத்துல இருந்த மஞ்சக் கட்டிலுக்கும் அதுக்கும் அவர் வச்ச உறவே மாறிப்போச்சு. நம்ம பெயின்ட்லயும் சில கிரிம்சன், ரோஸ், ஃப்ளோரசன்ட் எல்லாம் இப்படித்தான் ஓடிடும். ஒரு அட்டையில எல்லா ட்யூப்லயும் ஒரு கோடு போட்டு பேர் எழுதி, பாதிய அலுமினியம் ஃபாயில்ல இறுக்கமா மூடி வெயில் வர்ற ஜன்னல்ல ரெண்டு மாசம் வச்சுட்டு அப்புறம் பிரிச்சுப் பாருங்க, எந்தக் கோடு ஃபாயில் ஓரத்துல ரெண்டு கலராப் பிரிஞ்சு நிக்குதோ அந்த ட்யூப ஸ்கெட்ச்புக்குக்கு மட்டும் வச்சுக்கிட்டு, சுவர்ல மாட்டப்போற படத்துக்கு வேற வாங்குங்க.